பத்திரிகையில் வளர்ந்த அக்கா

என் மகனுக்கு,

வசந்தாவின் கடிதம் திங்கட்கிழமை வந்தது. நீ மறுபடியும் கப்பலில் போக இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டாய் என்றும், வருகிற வெள்ளிக்கு மறு வெள்ளி பம்பாயிலிருந்து கப்பல் புறப்படுகிறது என்றும் எழுதியிருக்கிறாள். நீ எழுதவில்லை. உன் பிள்ளை கண்ணன் போய் இரண்டு மாதமாகிறது. அதற்கப்புறம் உன்னிடமிருந்து எனக்கு வந்தது ஒரே ஒரு கார்டு. அதிலும் 'இங்கு அனைவரும் சௌக்கியம்' என்றுதான் இருந்தது. மூன்று வயசுப் பிள்ளையைக் கொண்டுபோய் மண்ணில் வைத்துவிட்டு வந்த வீட்டில் யாரப்பா சௌக்கியம் என்று நான் திருப்பிக் கேட்கவில்லை. அப்படிக் கார்டு எழுதுகிற கை எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். நீ என் வயிற்றில் பிறந்தவன் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

'போகாதே' என்று ஒரு தந்தி அடித்திருக்கலாம். நீ படித்துவிட்டு 'வயசாகிவிட்டது, பயப்படுகிறாள்' என்று நினைத்துக்கொண்டு பெட்டி கட்டியிருப்பாய். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்திருக்கிறேன். கப்பல் ஏறுவதற்கு முன்னால் படித்துவிடு. ஏறின பிறகு படித்துப் பிரயோஜனமில்லை. உன் அக்கா செண்பகம் இறந்த பதினொன்றாம் நாள் மத்தியானம் நான் உட்கார்ந்து கதை எழுதிக்கொண்டிருந்தேன். நீ வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாய். உனக்கு ஆறு வயது. உன் சட்டைப் பொத்தான் ஒன்று மாறிப் போடப்பட்டிருந்தது. அதைப் பற்றி நீ என்னிடம் ஒருநாளும் கேட்டதில்லை. ஆனால் கல்யாணமான புதிதில் வசந்தாவிடம் 'எங்க அம்மா கல்லு' என்று சொல்லியிருக்கிறாய். அந்தப் பெண் அதை வேடிக்கைப் பேச்சென்று நினைத்து என்னிடமே சொல்லிச் சிரித்தது. நானும் சிரித்தேன். நீ கேட்காத கேள்விக்குத்தான் இப்போது பதில் எழுதுகிறேன்.

நான் கதை எழுதத் தொடங்கியது உன் அப்பா கொண்டுவந்த காகிதத்தால்தான். அவர் கப்பல் ஏஜெண்டு ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தார். கடலில் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கிற கப்பல்களுக்குப் படகில் போகிற சரக்குகளுக்கு ஜாபிதா என்கிற பட்டியல் எழுதுவது அவர் வேலை. தேதி முடிந்த ஜாபிதாக்கள் ஆபீசில் குப்பையாகக் கிடக்கும். பின்பக்கம் வெள்ளையாக இருக்கும். அடுப்பு பற்றவைக்க ஆகுமே என்று ஒரு கட்டைக் கொண்டுவந்தார். வெள்ளைப் பக்கத்தை எரிக்க எனக்கு மனசு வரவில்லை. இந்தப் பக்கம் கருப்பட்டி, சென்னா மருந்திலை, கருவாடு என்று அவர் எழுத்து, அந்தப் பக்கம் என் கதை. ஒரு சிறுகதையை மெட்ராசில் பெண்களே நடத்தும் ஒரு மாதப் பத்திரிகைக்கு அனுப்பினேன். போட்டார்கள். அதன் ஆசிரியை அம்மாள் தன் கைப்பட எழுதினார்: 'சகோதரி, தொடர்ச்சியாக ஒரு நாவல் எழுதுங்கள்.' அந்த அம்மாளை நான் கடைசிவரை நேரில் பார்த்ததில்லை.

இப்போது நினைத்தால் அது ஒரு வினோதமான பத்திரிகை. ஒரு பக்கம் பெண் கல்வி, இளமை மணக் கண்டனம். மறுபக்கம் எலுமிச்சங்காய் ஊறுகாய். நடுவில் பின்னல் வேலைக்குப் படம், கடைசியில் கூந்தல் தைல விளம்பரம். எழுதுகிறவர்கள் யாரும் தன் பெயரைப் போடுவதில்லை. 'ஒரு ஹிந்து மாது' என்பார்கள், இன்னாருடைய பத்தினி என்பார்கள். நான் 'தூத்துக்குடி சகோதரி' என்று போட்டுக்கொண்டேன். ஸ்ரீவைகுண்டத்தில் இருந்த உன் தாத்தாவுக்குத் தெரிந்தபோது, 'கைநெறய வேலை இருந்தா இவளுக்குக் கதை எழுதத் தோணுமா?' என்றாராம். உன் அப்பா அதை என்னிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம். சொன்னார், சொல்லிவிட்டு அடுத்த கட்டுக் காகிதத்தையும் கொண்டுவந்து வைத்தார்.

நாவலின் நாயகி கனகம், ஒன்பது வயதுச் சிறுமி. செண்பகத்துக்கும் அப்போது ஒன்பது வயதுதான். அவளைப் பார்த்துப் பார்த்துத்தான் எழுதினேன். அவள் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடுவது, கோபம் வந்தால் பின்னலை வாயில் வைத்துக் கடிப்பது, எல்லாவற்றையும் எடுத்துக் கனகத்துக்குக் கொடுத்தேன். அவளுக்கு அதில் பெருமை. 'அம்மா, இந்த மாசம் நான் என்ன செஞ்சேன்?' என்று வந்து கேட்பாள். பத்திரிகை வந்த மறுநாள் மத்தியானம் நான் அதைப் பிலோமினாவுக்குப் படித்துக்காட்டுவேன். பக்கத்து வீட்டுப் பிலோமினா அத்தையை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அவள் புருஷன் கொழும்புக்குத் தோணி ஓட்டுகிற தண்டல். அவளுக்கு எழுத்து தெரியாது. அவர்கள் வீட்டில் அடுக்களையைக் குசினி என்பார்கள். அதில் எப்போதும் மீன் கொதிக்கும். நம் வீடு பெருமாளைக் கும்பிடுகிற, மீன் வாடை ஆகாத வீடு. நடுவில் ஒரு வேலி. வேலியில் நாங்கள் இரண்டு பேருமாகப் போட்ட ஒரு சந்து. அதில் உட்கார்ந்துதான் அவள் கேட்பாள். கதையில் கனகத்தின் தாயை அவள் மாமியார் ஏசினால், 'அவ வாயில மண்ணப் போட!' என்று நிஜமாகவே ஒரு பிடி மண்ணை அள்ளிவிடுவாள்.

கதை பாதியில் ஆசிரியை அம்மாளிடமிருந்து கடிதம் வந்தது. வாசகிகளுக்கு ஒரு படிப்பினை வேண்டுமாம். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் மந்திரித்துக்கொண்டும் தாமதித்துக்கொண்டும் இருக்கிற தாய்மார்களுக்குப் புத்தி வரும்படியாகக் கனகத்தின் மரணத்தை எழுத வேண்டுமாம். எனக்கும் சரியென்றே பட்டது. அந்தச் சமயம் பார்த்து உனக்குக் காய்ச்சல் வந்தது. நான் உன் பக்கத்தில் உட்கார்ந்து துணி நனைத்துப் போட்டேன். துணி நனைத்த கையைத் துடைத்துக்கொண்டு, உன் உதடு எப்படி வெடித்திருக்கிறது, பிதற்றும்போது என்ன சொல்லுகிறாய் என்றெல்லாம் ஜாபிதாவின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டேன். மூன்றாம் நாள் இப்படி, ஐந்தாம் நாள் இப்படி என்று வரிசையாக. ஒன்பதாம் நாள் உனக்கு வியர்த்து, காய்ச்சல் விட்டது. அந்தக் குறிப்புகளை வைத்துக் கனகம் காய்ச்சலில் விழுகிற அத்தியாயத்தை எழுதி அனுப்பினேன். அது அச்சாகி வந்தபோது பிலோமினா படிக்கவிடாமல் எழுந்துவிட்டாள்.

'ஏளா, அந்தப் பிள்ளையக் கொன்னுபோடாத. நான் மாதாவுக்கு மெழுவர்த்தி ஏத்துதேன்னு நேந்திருக்கேன்' என்றாள்.

'கதைல உள்ள பிள்ளைக்கா?'

'எங்கன உள்ள பிள்ளையா இருந்தா என்ன, பிள்ளை பிள்ளைதான.'

அந்த வாரமே செண்பகம் படுத்தாள்.

இனி எழுதப்போவதை எழுத எனக்குக் கை நடுங்கவில்லை. நடுங்கினால் நன்றாக இருக்கும். செண்பகத்துக்கு ஏழாம் நாள். நான் கனகத்தின் மரண அத்தியாயத்தை எழுதிக்கொண்டிருந்தேன். மூன்று நாளில் அது மெட்ராசுக்குப் போய்ச் சேர வேண்டும். உன் அப்பா ஆபீசுக்குக் கிளம்பும்போது அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, 'ஏளா, டாக்டரக் கூட்டிட்டு வாரேன். எனக்குச் சரியாப் படல' என்றார். நான் காகிதத்திலிருந்து தலையை எடுக்காமல், 'தம்பிக்கு ஒம்பதாம் நாளு விடலியா? இவளுக்கும் விட்டுரும். பொறுங்க' என்றேன். அவர் பொறுத்தார். என் பேச்சைக் கேட்கிற மனுஷன். எனக்கு என் குறிப்பின்மேல் அவ்வளவு நம்பிக்கை. ஒன்பதாம் நாள் வியர்க்கும் என்று என் கைப்பட எழுதி வைத்திருக்கிறேனே. எட்டாம் நாளும் அவர் கேட்டார், அதையேதான் சொன்னேன். ஒன்பதாம் நாள் மத்தியானம் அத்தியாயம் முடிந்தது. டாக்டருக்குத் தாமதித்த தாயைப் பற்றி, தாமதித்துக்கொண்டே எழுதி முடித்தேன். இதை ஒரு கதையில் யாராவது வைத்தால், நம்பும்படியாக இல்லை என்று நானே அடித்துவிடுவேன். கனகத்தின் கடைசிப் பேச்சை எழுதும்போது தேம்பித் தேம்பி அழுதேன். மை கலைந்து ஒரு பக்கத்தை மறுபடி எழுத வேண்டியிருந்தது. உன் அப்பாவிடம் உறையை ஒட்டாமலே கொடுத்து, சாயங்கால ரயில் தபாலில் சேர்க்கச் சொன்னேன்.

அன்று அவளுக்கு வியர்க்கவில்லை. பத்தாம் நாள் காலையில் உன் அப்பா என்னைக் கேட்காமலே டாக்டரைக் கூட்டி வந்தார். டாக்டர் அதட்டவில்லை, திட்டவில்லை. பெட்டியைத் திறந்துகொண்டே, 'முந்தாநாள் கூப்பிட்டிருக்கலாமே அம்மா' என்றார். பன்னிரண்டாம் நாள் காலை பத்து மணி இருக்கும். நல்ல வெயில். தெருவில் உப்பு வண்டிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. செண்பகம் போய்விட்டாள்.

எனக்கு அழுகை வரவில்லை. வரும் வரும் என்று காத்திருந்தேன். பெண்கள் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைத்தார்கள். ஒருத்தி என் கன்னத்தில் அறைந்துகூடப் பார்த்தாள், அழ வைக்க. 'மரத்துப்போயிட்டா பாவம்' என்றார்கள். அதைவிடக் கேவலமான விஷயம் அவர்களுக்குத் தெரியாது. அந்த அழுகையை நான் மூன்று நாளைக்கு முன்னாலேயே அழுது முடித்திருந்தேன், ஒரு கதைப் பிள்ளைக்கு. பெற்ற பிள்ளையின் முறை வந்தபோது கையில் ஒன்றும் இல்லை. பல வருஷம் எனக்கு என்னைப் பார்த்தாலே அருவருப்பாக இருந்தது. இப்போது அதுவும் இல்லை.

அவள் இறந்த பதினொன்றாம் நாள் உன் அப்பா அந்த உறையை என்முன் வைத்தார். 'இத நான் தபால்ல போடல' என்றார்.

'ஏன்?'

'படிச்சேன். போடக் கை வரல. இனிமே எழுதாண்டாம். அந்த அம்மாளுக்கு ஒரு கார்டு போட்டிருவோம்.'

அவர் வெளியே போனதும் நான் அந்தப் பக்கங்களை அடுப்பில் வைத்தேன். ஒரு புதுக் காகிதம் எடுத்தேன். கனகம் கண்ணைத் திறந்து, 'அம்மா, பசிக்கி. ரசஞ்சோறு தா' என்று கேட்டதாக எழுதினேன். எழுதிக்கொண்டிருக்கும்போதுதான் நீ வாசற்படிக்கு வந்தாய். 'அம்மா, பசிக்கி' என்றாய். நான் நிமிர்ந்து உன்னைப் பார்த்தேன். நீ என்ன சொன்னாய் என்பது காதில் விழுந்தது. 'பிலோமினா அத்தை வீட்டுக்குப் போ' என்று சொல்லிவிட்டு, கனகத்தின் தாய் அவளுக்குச் சோறு பிசைந்து ஊட்டுவதை எழுதினேன். நீ பார்த்தது அதைத்தான். நீ நினைத்ததைவிட அது கொஞ்சம் மோசமானது.

அதை நானே தபாலில் சேர்த்தேன். ஒரு மாதம் தள்ளி அது அச்சாகி வந்த பிறகு நம் வீட்டுக்குக் கடிதங்கள் கட்டுக்கட்டாக வந்தன. ஆசிரியை அம்மாள் எல்லாவற்றையும் ஒரு பெரிய உறையில் போட்டு அனுப்பிவைப்பார். படிப்பினை கெட்டுவிட்டதே என்று முதலில் அவருக்கு வருத்தம்தான். வாசகிகளின் சந்தோஷத்தைப் பார்த்து அவரும் மாறிவிட்டார். 'எங்கள் வயிற்றில் பால் வார்த்தீர்கள், சகோதரி' என்று எங்கிருந்தோ ஒருத்தி எழுதியிருந்தாள். ஸ்ரீவைகுண்டத்திலிருந்து ஒரு பெண் துளசி வைத்து அனுப்பியிருந்தாள். கனகத்தின் பேருக்குப் பெருமாளுக்கு அர்ச்சனை செய்யப் போனாளாம். அர்ச்சகர் நட்சத்திரம் கேட்டாராம். கதையில் வரவில்லையே, அதனால் தன் மகளின் நட்சத்திரத்தையே சொல்லிவிட்டாளாம். பிலோமினா நேர்ந்தபடி மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்து, அன்றுதான் செண்பகத்துக்காக என் மடியில் விழுந்து அழுதாள். நான் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தேன். அந்தக் கடிதங்களைப் படித்தபோது எனக்கு என்ன இருந்தது என்று கேட்டால், சந்தோஷம் இருந்தது. என் பிள்ளை பிழைத்துவிட்டாள் என்று ஊரெல்லாம் எழுதுகிறார்கள். இல்லை என்று சொல்ல எனக்கு என்ன பைத்தியமா? ஆசிரியை அம்மாளுக்கு நான் செண்பகத்தைப் பற்றி எழுதவே இல்லை.

அப்புறம் ஆறு வருஷம். பத்து அத்தியாயத்தில் முடிய வேண்டிய நாவல் ஆறு வருஷம் ஓடியது. கனகம் பத்து வயதானாள், பதினொன்றானாள். அடுத்த தெருவில் செண்பகத்தின் வயதுப் பெண் ஒருத்தி இருந்தாள். அவள் வளர வளர நான் கனகத்தின் பாவாடையை நீட்டுவேன். தாவணி போட்ட மாதம் கலர் முடிவு செய்ய எனக்கு நாலு நாள் ஆயிற்று. அதே மாதம் உன் கால்சட்டை முழங்காலுக்கு மேலே ஏறிவிட்டதைப் பார்த்து, மடிப்பைப் பிரித்துத் தைத்துக் கொடுத்தது பிலோமினா. நீ பள்ளிக்கூடம் விட்டு நேராக அங்கேதான் போவாய். சாப்பாடும் அங்கேதான். நம் வீட்டுப் பிள்ளை மீன் தின்கிறான் என்று உன் தாத்தா ஊரிலிருந்து ஆள் அனுப்பினார். அவள் நாலு மகன்களோடு உன்னையும் ஐந்தாவதாகச் சேர்த்துப் படகுத்துறைக்கு அனுப்புவாள். நீ கடலுக்குப் போகிற படிப்பு படித்ததே அந்த வீட்டால்தான்.

கனகத்துக்குப் பன்னிரண்டு முடிந்தும் நான் கல்யாணம் செய்துவைக்கவில்லை. பதின்மூன்று, பதினான்கு. வாசகிகள் கேட்டு எழுதினார்கள். கதைக்குள்ளேயே மாப்பிள்ளைகள் வந்தார்கள், எல்லோரையும் ஏதோ குறை சொல்லித் திருப்பி அனுப்பினேன். இதைத்தான் பெரிய சீர்திருத்தம் என்றார்கள். மாதர் சங்கம் ஒன்றில் என் நாவலைப் பாராட்டிப் பேசினார்களாம். 'தூத்துக்குடி சகோதரியின் துணிச்சல் நம் எல்லோருக்கும் வர வேண்டும்' என்று ஆசிரியை அம்மாள் தலையங்கமே எழுதினார். துணிச்சலும் இல்லை, ஒரு மண்ணாங்கட்டியும் இல்லை. இவளையும் வீட்டைவிட்டு அனுப்ப எனக்கு மனசில்லை, அவ்வளவுதான். ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். 'கனகத்தைப் படித்துவிட்டு என் மகள் கல்யாணத்தை நிறுத்திப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினேன்' என்று சில தாய்மார்கள் எழுதினார்கள். யார் வீட்டிலோ யாரோ ஒரு பெண் என்னால் படித்தாள். அவர்களுக்கெல்லாம் நான் நல்லவள். உனக்கு இல்லை.

உன் அப்பா சொல்லிப் பார்த்தார். 'உயிரோட இருக்கவனையும் கொஞ்சம் பாரு' என்று ஒருநாள் சொன்னார். அதற்குமேல் கடுமையாகப் பேச அவருக்கு வராது. காகிதக் கட்டை மட்டும் நிறுத்திவிட்டார். நான் பள்ளிக்கூட நோட்டு வாங்கி எழுதினேன்.

உனக்குப் பதினோரு வயதில் படகுத்துறையில் தோணியிலிருந்து கீழே விழுந்தாயே, நினைவிருக்கிறதா? இடது கை முறிந்து தொங்க, பிலோமினாவின் மூத்தவன் உன்னைத் தூக்கி வந்தான். நான் சத்தம் கேட்டு நம் வீட்டு வாசலுக்கு ஓடி வந்தேன். பிலோமினாவும் அவள் வாசலில் நின்றாள். உன் கண் முதலில் என்மேல்தான் பட்டது. பட்டு, என்னைத் தாண்டிப் போனது. 'யம்மா' என்று கதறிக்கொண்டு அவள் பக்கம் கையை நீட்டினாய். அவள் வாங்கவில்லை. 'ஏளா, அங்கனயே நிக்கியே. வந்து தூக்கு, உன் பிள்ளைய' என்று என்னைப் பார்த்துக் கத்தினாள். நான் வந்தேன். தூக்கினேன். நீ அழுகையை நிறுத்திக்கொண்டு, 'பரவால்லம்மா, வலிக்கல' என்றாய். வேற்று வீட்டு மனுஷியிடம் பேசுகிற மாதிரி இருந்தது. அன்றைக்காவது எனக்குப் புத்தி வந்தது என்று எழுதத்தான் ஆசை. கட்டு கட்டி உன்னைப் படுக்கவைத்துவிட்டு, அந்த மாத அத்தியாயத்தை எழுத உட்கார்ந்தேன். கனகத்துக்கு அன்று பள்ளியில் பரிசளிப்பு விழா.

நான் திருந்தவில்லை. காகிதம் தீர்ந்தது. யுத்தம் வந்து காகிதத்துக்குக் கட்டுப்பாடு போட்டார்கள். பத்திரிகை முதலில் மெலிந்தது, பிறகு இரண்டு மாதத்துக்கு ஒன்றானது, பிறகு நின்றது. 'யுத்தம் முடிந்ததும் கனகத்தை மறுபடி சந்திப்போம்' என்று ஆசிரியை அம்மாள் எழுதினார். அப்புறம் அவரிடமிருந்து கடிதம் இல்லை. நான் எழுந்து வெளியே வந்தபோது உனக்குப் பன்னிரண்டு வயது. பொத்தானெல்லாம் நீயே சரியாகப் போட்டுக்கொண்டாய். நான் சோறு போட்டால் சாப்பிட்டாய், கேட்டால் பதில் சொன்னாய். அன்றிலிருந்து இன்றுவரை நீ என்னிடம் மரியாதைக் குறைவாக நடந்ததே இல்லை. மாதாமாதம் எழுதுவாய், தீபாவளிக்குப் புடவை வரும். போன வருஷம் பிலோமினா இறந்தபோது நீ பம்பாயிலிருந்து ஓடி வந்து அவள் காலைக் கட்டிக்கொண்டு அழுததைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவ்வளவு அழுகை உனக்குள் இருக்கிறது என்று தெரிந்துகொண்டேன்.

இப்போது அது வரவில்லை என்று வசந்தா எழுதியிருக்கிறாள். கண்ணனுக்கு நீ ஒரு சொட்டு விடவில்லையாம். அதிகாலையில் கப்பல் பட்டறைக்குப் போய், உன் மகள் மீனா தூங்கின பிறகு திரும்புகிறாயாம். ஞாயிற்றுக்கிழமையும் போகிறாயாம். மீனா பக்கத்தில் வந்தால் ஏதாவது சாமானைத் தேடுவதுபோல எழுந்துவிடுகிறாயாம். அவள் இதையெல்லாம் குறையாக எழுதவில்லை, பயந்து எழுதியிருக்கிறாள். இயந்திரத்தோடு மல்லுக்கட்டினால் மனசு சும்மா இருக்கும் என்று உனக்குத் தோன்றியிருக்கும். இருக்கும்தான். நான் ஆறு வருஷம் பார்த்திருக்கிறேன். அதுதான் ஆபத்து. இரண்டு வருஷம் கழித்து நீ இறங்கி வரும்போது உன் மகளுக்கு எட்டு வயது. அவளும் உன்னிடம் மரியாதையாக இருப்பாள்.

அழச்சொல்லி நான் எழுதவில்லை. அழுகை கூப்பிட்டால் வருகிற வேலைக்காரன் இல்லை. செண்பகத்துக்காக எனக்கு இன்றுவரை அது வரவில்லை, இனி வரும் என்ற நம்பிக்கையும் இல்லை. மனசு மரத்துப்போவது குற்றமில்லை. மரத்த கையாலும் பிள்ளையைத் தூக்கலாம், சோறு பிசையலாம், பொத்தானைச் சரியாகப் போட்டுவிடலாம். பிள்ளைக்கு அந்தக் கைக்குள் என்ன இருக்கிறது என்று தெரியவேண்டியதில்லை. நான் என் மனசு முதலில் உயிர் பெறட்டும், பிறகு உன்னிடம் வரலாம் என்று இருந்துவிட்டேன். உள்ளே ஒன்றும் இல்லாமல் உன்னைத் தொட்டால் அது பொய் என்று நினைத்தேன். முழு முட்டாள்தனம். நீ கேட்டது ரசஞ்சோறு.

வசந்தா கடிதத்தின் கடைசி வரியை நான் இன்னும் சொல்லவில்லை. அதைப் படித்த பிறகுதான் எழுத உட்கார்ந்தேன். உன் வீட்டில் காய்ச்சல் முதலில் மீனாவுக்குத்தான் வந்தது, அப்புறம்தான் கண்ணனுக்கு. 'அப்பாவுக்கு எம்மேல கோவமாம்மா? தம்பிக்கு நான்தானே காய்ச்சலக் குடுத்தேன்?' என்று அவள் தினமும் கேட்கிறாளாம். வசந்தா இல்லை இல்லை என்று சொல்கிறாளாம். அவள் நம்பவில்லையாம்.

எப்படி நம்புவாள்? பிலோமினா படுக்கையில் கிடந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு விஷயம் சொன்னாள். 'செண்பகம் போன மாசத்துல உன் மவன் எங்கிட்டக் கேட்டான், அக்காவுக்கு என் காய்ச்சல்தான ஒட்டிச்சு, அதான் அம்மா எங்கூடப் பேச மாட்டாளான்னு. இல்லலேன்னுதான் சொன்னேன். நான் சொல்லி என்னத்துக்கு? நீ சொல்லணும்லா.' அப்படியானால் ஆறு வயதிலிருந்து அதைத்தான் நீ சுமந்துகொண்டிருந்திருக்கிறாய். நான் கல் என்பதை அல்ல. இதைக் கேட்டும் ஒரு வருஷம் உனக்கு ஒரு வரி எழுதாமல் இருந்தேன். எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. ஆறு வருஷம் மாதம் தவறாமல் எழுதினவளுக்கு.

மீனாவிடம் நீதான் சொல்ல வேண்டும். உன் வாயால், அவள் விழித்திருக்கும்போது, மடியில் வைத்துக்கொண்டு. ஏதோ ஒரு துறைமுகத்திலிருந்து கடிதத்தில் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைக்காதே. இருபத்தேழு வருஷம் கழித்துக் கடிதத்தில் சொன்னால் அது எப்படி இருக்கும் என்று நீயே பார்த்துக்கொள், இதோ சொல்கிறேன். உன் அக்கா உன் காய்ச்சலால் சாகவில்லை. நான் டாக்டரைக் கூப்பிட விடாததால் செத்தாள். உன்மேல் எனக்கு ஒருநாளும் கோபம் இருந்ததில்லை, ராசா.

அம்மா